மூன்றாம் மாடியில் ஒரு நீரோட்டம்

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் ஊரில் குழாயில் மட்டும்தான் தண்ணீர் சரியாக வரவில்லை. மற்ற எல்லா இடத்திலும் ஓடியது. கட்டிலுக்கு அடியில் ஓடியது, கிம்ச்சி ஊறுகாய்ப் பானைக்கு அடியில் ஓடியது, வங்கி மேனேஜர் நாற்காலிக்கு அடியிலும் ஓடியது. கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீரோட்டம்! தலைவலி வந்தால் நீரோட்டம். மாமியாரோடு சண்டை என்றால் நீரோட்டம். கோடையில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையில் நம் கொரிய அணி அரையிறுதியோடு நின்றதற்கும் மைதானத்துக்கு அடியில் ஓடிய நீரோட்டம்தான் காரணம் என்று சலூனில் ஒருவர் படம் போட்டு விளக்கினார். நாங்கள் தலையாட்டினோம். கழுத்தில் கத்தி இருந்தபோதும் ஆட்டினோம். அவ்வளவு நம்பிக்கை.

இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவர் போங் மன்சோக். நரைத்த முடி, சாம்பல் நிறப் பட்டுச் சட்டை, கையில் தோல் பெட்டி. பெட்டிக்குள் 'ட' வடிவத்தில் வளைத்த இரண்டு பித்தளைக் கம்பிகள். விசிட்டிங் கார்டில் 'நிலத்தடி அலை ஆராய்ச்சி நிறுவனத் தலைவர்' என்று போட்டிருந்தது. நிறுவனத்தில் தலைவரைத் தவிர வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆராய்ச்சி என்ற சொல் இருந்தது. எங்களுக்கு அது போதும்.

அந்த போங் ஐயாவைத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தாய்மார் சங்கம் அழைத்து வந்தது. நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு. அதற்கு ஆறு வாரம் இருந்தது. பள்ளியின் விளையாட்டு அரங்கத்தில் அறுநூறு தாய்மார்கள். செருப்பு விட இடமில்லை.

"அம்மாமாரே, மூணு வருஷம் முன்னாடி இந்தப் பள்ளியிலேர்ந்து சியோல் காலேஜுங்களுக்கு எத்தன பேர் போனாங்க?" என்றார் போங்.

"பதினேழு!"

"போன வருஷம்?"

"ஏழு..."

"பதினேழு ஏன் ஏழாச்சு? புள்ளைங்க மேல தப்பில்ல. பெத்தவங்க மேல தப்பில்ல. வாத்தியாருங்க மேலயும் தப்பில்ல!"

கைதட்டல் ஆசிரியர்கள் வரிசையில்தான் பலமாகக் கேட்டது.

"தப்பு தரைக்கு அடியில இருக்கு. கடைசி வருஷ வகுப்புங்களுக்கு நேர் கீழ நீரோட்டம் போகுது. அதோட அலை மூளையைக் குழப்புது. இதை நான் சொல்ல வேணாம். இங்க அறிவியல் படிச்சவர் யாராவது இருந்தா மேல வாங்க. அவரே சொல்லட்டும்."

அறுநூறு தலைகளும் ஒரே ஆள் பக்கம் திரும்பின.

அவர் தாக் கிசூன். இருபத்து நான்கு வருடமாக அங்கே இயற்பியல் ஆசிரியர். கைகட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு வந்ததே சிரித்துவிட்டுப் போகத்தான். தேர்வுக் காலத்தில் கடற்பாசி சூப் குடித்தால் மதிப்பெண் வழுக்கிவிடும் என்று பயந்து சமைக்காத தாய்மார்களைப் பார்த்து வருடா வருடம் சிரிக்கிறவர். தேர்ச்சி ஒட்டிக்கொள்ளட்டும் என்று பள்ளி கேட்டில் பிசுபிசு மிட்டாயை ஒட்டுகிறவர்களைப் பார்த்தும் சிரிப்பார். 'என்னை யாராலும் ஏமாற்ற முடியாது' என்று உறுதியாக நம்பினார். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைப்பானா?

மேடை ஏறினார். போங் கம்பிகளை அவர் இரண்டு கைகளிலும் கொடுத்தார். "தளர்வாப் பிடிங்க சார். திருப்பாதீங்க. நடங்க. இந்த மஞ்சள் கோட்டுக்குக் கீழதான் நீரோட்டம்."

தாக் வாத்தியார் நடந்தார். உதட்டில் ஏளனம். மஞ்சள் கோட்டை நெருங்கினார். கோட்டின் மேல் கால் பட்டதும், இரண்டு கம்பிகளும் தாமாகவே உள்பக்கம் திரும்பி, கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று குறுக்கிட்டன.

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பின்னால் போனார். கம்பி நேரானது. முன்னால் வந்தார். மறுபடி குறுக்கிட்டது.

"சார், நீங்க திருப்புனீங்களா?" என்றார் போங், பணிவாக.

"நான் திருப்பல! கை சும்மாதான் இருந்துச்சு. அதுவாத் திரும்புச்சு!" என்றார் வாத்தியார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கேடு.

மறுநாளே துண்டுப் பிரசுரமும் ஊர் முழுக்கச் சுவரொட்டியும் வந்தன. வெள்ளைக் கோட்டில் தாக் கிசூன் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'அறிவியலே சாட்சி!' செம்புத் தகடு வைத்துத் தைத்த குஷன்கள் பெட்டி பெட்டியாக இறங்கின. அதில் உட்கார்ந்தால் நீரோட்டத்தின் அலை மேலே ஏறாதாம். ஒரு குஷனின் விலையில் ஒரு குடும்பம் ஒரு மாதம் இறைச்சி சாப்பிடலாம். சாப்பிட வேண்டியவர்கள் குஷன் வாங்கினார்கள்.

அதே வாரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது: 'மாணவர்கள் சிந்திக்கும்படி அறிவியலைக் கற்பிக்கவும்.' தாக் வாத்தியார் கடமை தவறாதவர். உடனே கரும்பலகையில் 'அறிவியல் சிந்தனையின் ஆறு படிகள்' என்று எழுதிப் போட்டார். மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். மனப்பாடம் செய்தார்கள். சோதனைத் தேர்வில் ஒப்பித்தார்கள். முதல் படி 'ஐயம் கொள்.' போரம் என்ற பெண் 'சந்தேகப்படு' என்று எழுதியிருந்தாள். வாத்தியார் அரை மதிப்பெண் குறைத்தார்.

"சார், ரெண்டும் ஒண்ணுதானே?" என்று விடைத்தாளோடு வந்து நின்றாள் அவள்.

"நான் போர்டுல என்ன எழுதிப் போட்டேன்?"

"ஐயம் கொள்."

"அப்ப அதையே எழுது. சொந்தமா யோசிக்காத."

இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிற்பாடு நினைத்து நினைத்துச் சிரித்தார், தனியாக.

மூன்றாம் மாடி நடைகூடத்தில் போங் ஐயா மஞ்சள் டேப் ஒட்டி நீரோட்டத்தின் பாதையைக் குறித்திருந்தார். தரைக்கு அடியில் ஓடும் தண்ணீர் மூன்று மாடி ஏறி வந்து டேப்புக்கு நேராக நிற்கிறது. யாரும் வியக்கவில்லை. அந்த டேப் நடைகூடத்தைக் கடந்து, வகுப்புக்குள் நுழைந்து, சரியாகப் போரமின் மேசைக்கு அடியில் போனது. அவளிடம் குஷன் இல்லை. அவள் அம்மா சந்தையில் சுந்தே விற்கிறவள், பன்றிக்குடலில் அடைத்து வேகவைக்கும் அந்தச் சூடான தின்பண்டத்தைத் தள்ளுவண்டியில் வைத்து. பக்கத்து மேசைப் பெண்கள் போரமைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இரண்டு பேர் தங்கள் மேசையை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் அந்த அம்மா வண்டியைக் கேட்டில் நிறுத்திவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். கையில் பொட்டலம். இடுப்பு வளையக் கும்பிட்டாள்.

"சார், நான் படிக்காதவ. மத்தவங்க சொன்னா நம்ப மாட்டேன். நீங்களே சொல்றீங்கன்னா நெசமாத்தான் இருக்கும். முழு குஷன் வாங்க வசதியில்ல. அந்தத் தகடு மட்டும் கொஞ்சம் சின்னதாக் கெடைக்குமா சார்? புள்ள நேரா அது மேலதான் ஒக்காந்திருக்கா."

வாத்தியாருக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு, போங் ஐயா தனக்கு இனாமாகக் கொடுத்த குஷனை எடுத்து நீட்டினார். அவள் அழுதுவிட்டாள். அன்று முழுக்க அவர் தன்னைப் புத்தராகவே நினைத்துக்கொண்டு நடமாடினார்.

போங் கொடுத்த ஒரு ஜோடிக் கம்பிகளை இப்போது அவர் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார். தினமும் மதியம் நடைகூடத்தில் ஒரு நடை போய் நீரோட்டத்தைச் சரிபார்ப்பார். அது எங்கே போய்விடும் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, பிள்ளைகள் வகுப்பைத் துடைத்துப் பெருக்கும் நேரம் முடிந்திருந்தது. வாத்தியார் வழக்கம்போல் கம்பிகளோடு வந்தார். டேப் வந்தது. கம்பிகள் கம்பீரமாகக் குறுக்கிட்டன. "பாத்தீங்களா!" என்று திரும்பினார்.

துடைப்பத்தோடு நின்ற நான்கு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். போரம் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், தரை துடைக்கும்போது டேப் பிஞ்சு வந்துருச்சு. திரும்ப ஒட்டினேன். ஆனா இடம் மாத்தி ஒட்டிட்டேன்."

"எவ்வளவு?"

"பன்னெண்டு எட்டு தூரம். முன்னாடி என் வகுப்பு வாசல்ல இருந்துச்சு. இப்ப கக்கூஸ் வாசல்ல இருக்கு."

வாத்தியார் குனிந்து பார்த்தார். உண்மைதான். கக்கூஸ் வாசல். இருபத்து நான்கு வருட அனுபவமுள்ள இயற்பியல் மூளை அந்த நொடியில் என்ன செய்தது தெரியுமா?

"நீரோட்டம் நகர்ந்திருக்கும்," என்றார்.

"நேத்து மதியத்துக்கும் இன்னிக்கு மதியத்துக்கும் நடுவுலயா சார்?"

"மழை பெஞ்சா நகரும்."

"மழை பெய்யலையே சார்."

"தூரத்து மலையில பெஞ்சிருக்கும்."

இதைக் கேட்டதும் ஒரு பெண் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கக்கூஸுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வாத்தியாருக்குக் காது சிவந்தது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

"சார், கோச்சுக்காம ஒண்ணு செய்யலாமா?" என்றாள் போரம். "டேப்பை எடுத்துடறேன். உங்க கண்ணைத் துண்டால கட்டறேன். நீங்க ஏழு தடவை நடங்க. கம்பி எங்க திரும்புதோ அங்க சாக்பீஸால கோடு போடறேன். கீழ தண்ணி இருந்தா ஏழு கோடும் ஒரே எடத்துல விழணும்ல?"

மறுக்கலாம்தான். ஆனால் அறிவியல் வாத்தியார் எப்படி மறுப்பார்? கட்டிக்கொண்டார். நடந்தார். சுவரில் இடித்தார். ஏழு தடவை நடந்து முடித்துத் துண்டை அவிழ்த்தார்.

தரையில் ஏழு கோடுகள். ஒன்று படிக்கட்டின் பக்கத்தில். ஒன்று ஜன்னலுக்குக் கீழே. இரண்டு தீயணைப்புப் பெட்டி அருகில். ஒன்று கிட்டத்தட்ட கக்கூஸுக்குள். மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கம். நீரோட்டம் என்றால் அது ஒன்றல்ல, ஆறேழு. பள்ளிக்கூடம் கப்பலாகத்தான் மிதக்க வேண்டும்.

அவர் கம்பிகளைத் திரும்பக் கையில் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டை ஒரு நெல் அளவு உள்பக்கம் சாய்த்தார். கம்பி வழுக்கிக்கொண்டு திரும்பியது. நேராக்கினார், நேரானது. சாய்த்தது கண்ணுக்கே தெரியவில்லை. 'இங்கே திரும்பும்' என்று மனம் நினைத்தது, கை அதைக் கேட்டுக் காதும் காதும் வைத்த மாதிரி வேலையை முடித்துவிட்டு, 'நான் சும்மாதான் இருந்தேன்' என்று சாட்சி சொன்னது. தளர்ந்த கைப்பிடியில் தொங்கும் ஒரு கம்பி சாய்ந்த பக்கம் விழும். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவரே நடத்தும் பாடம்.

"எனக்கும் திரும்புச்சு சார், வீட்டுல கெடந்த கம்பிய வளைச்சுக்கிட்டு டேப்பைப் பாத்துட்டு நடந்தப்ப," என்றாள் போரம் மெதுவாக. "நெசமாவே அதுவாத் திரும்புன மாதிரிதான் இருந்துச்சு. அதனாலதான் சந்தேகம் வந்துச்சு."

அவர் கம்பிகளைக் கோட்டுப் பையில் போட்டார். "ஐயம்னு எழுதாம சந்தேகம்னு எழுதினதுக்கு அரை மார்க் கொறச்சேன், இல்ல?" என்றார்.

"ஆமா சார்."

"எனக்கு எவ்வளவு கொறைக்கலாம்?"

போரம் முதன்முறையாகச் சிரித்தாள்.

அன்று மாலை அவர் தலைமையாசிரியர் கூக்கிடம் போனார். கூக் அமைதியாகக் கேட்டுவிட்டு பார்லி டீ ஊற்றிக் கொடுத்தார்.

"தாக் சார், உண்மையாவே இருக்கட்டும். தேர்வு முடியட்டும், அப்புறம் பேசலாம். இப்ப சொன்னா புள்ளைங்க மனசு ஒடைஞ்சு போயிடாதா? அதோட, ஊர் பூரா உங்க மூஞ்சிதான ஒட்டியிருக்கு? என் மூஞ்சி இல்லியே."

கடைசி வாக்கியம்தான் உண்மையான வாதம். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்து நிறுத்தம், மருந்துக் கடை, பொதுக் குளியல் நிலையம் எல்லாவற்றிலும் தன் முகம் தன்னைப் பார்த்துச் சிரித்ததை அவர் எண்ணாமல் எண்ணினார். வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

"நீங்க கையைக் கட்டிக்கிட்டுப் போனப்பவே நெனச்சேன்," என்றாள் அவள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே. "பயந்துக்கிட்டுப் போறவ ஒரு குஷனோட திரும்பி வருவா. எல்லாம் தெரியும்னு போறவர் போஸ்டராவே ஆயிட்டு வருவார்."

"இப்ப என்ன பண்றது?"

"மேடையில ஏறித்தான ஏமாந்தீங்க? மேடையிலயே ஏறிச் சொல்லுங்க. சமையக்கட்டுல வந்து எங்கிட்ட சொன்னா யாருக்கு என்ன பிரயோசனம்?"

போங் ஐயாவின் இரண்டாம் கூட்டம் சனிக்கிழமை. இந்தத் தடவை குஷன் மட்டுமல்ல, வீட்டுத் தரை முழுக்கப் போடும் பெரிய விரிப்பு. அதற்கு முந்தின நாள் வாத்தியாரும் போரமும் ஒரு சோதனைக்குத் திட்டம் போட்டார்கள். பாதிக் குஷன்களில் தகட்டை எடுத்துவிட்டு அட்டையை வைத்துத் தைக்க வேண்டும், எது எது என்று போங் கண்டுபிடிக்க வேண்டும். போரம், வாத்தியார் தன் அம்மாவிடம் கொடுத்த குஷனைத் தையல் வகுப்பில் முதலில் பிரித்தாள். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து வாத்தியார் காதில் ஏதோ சொன்னாள். அவர் அந்த வாரத்தில் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எதையும் பிரிக்க வேணாம். தைக்கவும் வேணாம்," என்றார்.

சனிக்கிழமை அரங்கம் போன தடவையைவிட நிரம்பியிருந்தது. போங், "நம்ம விஞ்ஞானி சாரே ரெண்டு வார்த்தை சொல்வார்," என்று மைக்கை நீட்டினார்.

தாக் வாத்தியார் வாங்கிக்கொண்டார்.

"போன தடவை இதே மேடையில, கம்பி அதுவாத் திரும்புச்சுன்னு சொன்னேன். அது தப்பு. என் கைதான் திருப்புச்சு. எனக்கே தெரியாமத் திருப்புச்சு. டேப்பைக் கக்கூஸ் வாசலுக்கு மாத்தினாங்க, என் கம்பி கக்கூஸ் வாசல்ல திரும்புச்சு. அப்பவும் நான், மலையில மழை பெஞ்சிருக்கும்னு சொன்னேன். அவ்வளவு பெரிய விஞ்ஞானி நான்."

கூட்டத்தில் சலசலப்பு. தாய்மார் சங்கத் தலைவி சுல்கி அம்மா எழுந்தாள். "என்ன சார் இது? உங்க போட்டோவைப் பாத்துத்தான நான் மூணு வாங்கினேன்!"

"அதுக்குத்தாம்மா முதல்ல உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். இப்ப நம்ம போங் ஐயாவுக்கு ஒரு சின்னச் சோதனை. அவர் சொல்றது உண்மைன்னா ஒரு நிமிஷத்துல நான் தோத்துடுவேன்."

"சந்தேகப்படறவங்க முன்னாடி அலை வேலை செய்யாது," என்றார் போங் சட்டென்று.

"நான் சந்தேகத்தோட வந்தப்பதானே ஐயா மொத தடவை வேலை செஞ்சுது?"

அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் போங்கைச் சிக்க வைத்தது. சிரிப்புக்கு முன்னால் பின்வாங்கினால் விரிப்பு விற்காது.

பத்துத் தாய்மார்கள் தங்கள் குஷன்களோடு மேடைக்கு வந்தார்கள். பத்தையும் வரிசையாக வைத்தார்கள். "ஐயா, செம்பு இருந்தா கம்பி திரும்பாது, இல்லாட்டித் திரும்பும், அதானே?" என்றார் வாத்தியார். "இதுல எதுல செம்பு இருக்கு, எதுல இல்லைன்னு சொல்லுங்க."

வாத்தியார் சிலவற்றில் ஏதோ விளையாடியிருக்கிறார் என்று போங் முடிவு கட்டினார். கம்பிகளோடு நடந்தார். முகத்தில் தெய்வீகக் களை. "இது... செம்பு இருக்கு. இதுவும் இருக்கு. ஆ! இதுல இல்ல. எடுத்துட்டாங்க. அலை என் முழங்கை வரைக்கும் ஏறுது." ஆறில் இருக்கிறது, நான்கில் இல்லை என்று தீர்ப்பு வந்தது.

போரம் கத்தரிக்கோலோடு ஏறினாள். செம்பு இருக்கிறது என்ற முதல் குஷனைப் பிரித்தாள். உள்ளே அட்டை. அதன் மேல் செம்பு நிறத்தில் மினுமினுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. இரண்டாவது, அட்டை. மூன்றாவது, அதே அட்டை. காகிதத்தை உரித்தால் பின்னால் எழுத்து தெரிந்தது: 'முதல் தர ஆப்பிள், 15 கிலோ.'

"எங்க தோட்டத்துப் பெட்டி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

பத்தும் அட்டை. பத்திலும் ஆப்பிள். யாரும் எதையும் எடுக்கவில்லை, எதையும் வைக்கவில்லை. எல்லாம் போங் ஐயா விற்றபடியே இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்று வாத்தியார் சத்தத்துக்கு மேல் கத்தினார். "உள்ள நெசமாவே செம்பு இருந்திருந்தாலும் இதே கதைதான்! அட்டையில ஏமாந்தோம்னு மட்டும் நெனச்சு வீட்டுக்குப் போயிடாதீங்க. அடுத்த மாசம் ஒருத்தன் நல்ல செம்போட வருவான்!"

அதற்குள் சுல்கி அம்மா மூன்று குஷன்களால் போங் ஐயாவை மூன்று முறை அடித்திருந்தாள். பட்டுச் சட்டை பின்கதவு வழியாக ஓடியது. தோல் பெட்டி மேடையிலேயே கிடந்தது. திறந்தால் துண்டுப் பிரசுரங்கள், வாத்தியார் சிரித்துக்கொண்டே.

ஒரு மாதம் வாத்தியார் தெருவில் நடந்தால், "சார், மலையில மழையா?" என்று கேட்காத ஆளில்லை. அவரும், "இல்லப்பா, தலையிலதான்," என்று பதில் சொல்லிப் பழகிவிட்டார். வகுப்பில் ஆறு படிகளை அழித்துவிட்டு, அவர் சொல்வதில் வாரம் ஒரு தப்பையாவது சோதித்துக் காட்டும் பிள்ளைக்கு மதிப்பெண் என்று அறிவித்தார். முதல் வாரமே பதினொன்று வந்தது. அவர் எதிர்பார்த்தது இரண்டு.

தேர்வு நடந்தது. படித்தவர்கள் நன்றாக எழுதினார்கள், படிக்காதவர்கள் வழக்கம்போல் எழுதினார்கள். நீரோட்டம் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை.

டிசம்பரில் அடுத்த வருட மாணவிகளின் பெற்றோர் கூட்டம். முடிந்ததும் சுல்கி அம்மா வாத்தியாரை ஓரமாக அழைத்தாள். சுல்கியின் தங்கை அடுத்த வருடம் தேர்வு எழுதுகிறாள்.

"சார், அந்த போங் திருடன். அது முடிஞ்ச கதை. நீங்க நெசமான விஞ்ஞானி, அதனால உங்ககிட்டயே கேக்கறேன்." குரலைத் தாழ்த்தினாள். "சின்னவ படிக்கிற மேசையைக் கிழக்கப் பாத்துப் போடலாமா, தெக்கப் பாத்துப் போடலாமா?"

தாக் கிசூன் சொன்னார்:

"எந்தப் பக்கம் போட்டாலும் பரவாயில்லம்மா. உக்காரும்போது தலையைக் கழட்டி வெளிய வச்சுட்டு உக்கார வேணாம்னு மட்டும் சொல்லுங்க. நான் கழட்டி வச்சுட்டு ஒரு மாசம் உக்காந்து பாத்தவன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல."